தரையைத் தள்ளு, கண்ணு

ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியில் பெண்கள் ஏறி நிற்கும் பீம் 5 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம். தரையிலிருந்து அதன் உயரம் 125 சென்டிமீட்டர். எட்டு வயதுப் பெண் குழந்தையின் சராசரி உயரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தக் குழந்தை அதில் ஏறி நின்றால், கண்ணுக்கும் தரைக்கும் இடையே கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர் பள்ளம். சின்னப் பிள்ளைகளைத் தாழ்வான பீமில்தான் பழக்குவார்கள் என்றாலும், என்றாவது ஒரு நாள் அந்த உயரத்தில் முதன்முறையாக நின்றுதான் ஆக வேண்டும். அப்போது கீழே நிற்கும் மாஸ்டர் வாயிலிருந்து பெரும்பாலும் வருவது இது: “பாத்து, விழுந்துடாத!”

அக்கறையில் வரும் வார்த்தைதான். ஆனால் அது மூளைக்குள் போய்ச் செய்யும் வேலை வேறு. 1998-இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை நடத்தினார்கள். கோல்ஃப் பந்தைத் தட்டிக் குறிப்பிட்ட புள்ளியில் நிறுத்த வேண்டும். ‘புள்ளியைத் தாண்டிப் போக மட்டும் விட்டுவிடாதீர்கள்’ என்று எச்சரித்தார்கள். மனதில் ஓர் எண்ணைச் சுமந்துகொண்டே தட்டச் சொன்னபோது, எதைச் செய்யக்கூடாது என்றார்களோ அதுதான் கூடுதலாக நடந்தது. ஒன்றைத் தவிர்க்க வேண்டுமென்றால், அது வருகிறதா என்று மூளை தேடிக்கொண்டே இருக்க வேண்டும். மனம் வேறு சுமையில் சிக்கும்போது தவிர்க்கும் பலம் போய்விடுகிறது, தேடல் மட்டும் மிஞ்சுகிறது. பீமில் நிற்கும் குழந்தைக்கு மனச்சுமை இல்லாத நொடி ஏது? ‘விழாதே’ என்ற சொல் அவள் கவனத்தை விழுவதில் கொண்டுபோய் வைக்கிறது. ‘பீம் கடைசிய பாரு’ என்ற சொல் அதை நிலையான ஓர் இடத்தில் வைக்கிறது.

பயிற்சியாளர் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் குழந்தையின் கவனத்தை எங்கோ ஓர் இடத்தில் வைக்கிறது. செய்ய வேண்டிய வேலையில் வைக்கலாம். விழப்போகும் தரையில் வைக்கலாம். மாஸ்டரின் கோப முகத்தில் வைக்கலாம், தன் தொடை பருமனாக இருக்கிறதே என்ற கவலையில் வைக்கலாம். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான்.

ஜிம்னாஸ்டிக்ஸ் என்றதும் தருமபுரி யாருக்கும் நினைவுக்கு வராது. ஆனால் ஜிம்னாஸ்டிக்ஸ் கேட்கும் அதே உடல் வேலையை இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் வேறு பெயர்களில் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். யோகாசனப் போட்டிக்கு முதுகை வளைக்கிறார்கள், சிலம்பத்தில் கம்போடு சுழல்கிறார்கள், ஆண்டு விழாவில் ஒருவர் தோள் மேல் ஒருவர் ஏறிப் பிரமிடு கட்டுகிறார்கள். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளைத் தமிழ்நாடு நடத்தியது; சிலம்பமும் அங்கே காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அதன் பிறகு குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, முதலமைச்சர் கோப்பை என்று ஏழெட்டு வயதிலேயே பிள்ளைகளைத் தயார் செய்யும் ஆசை சிறிய ஊர்களுக்கும் வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். பாலக்கோட்டுப் பக்கமோ பென்னாகரத்துப் பக்கமோ ஒரு பி.டி. சாரின் முன்னால் வரிசையில் நிற்கும் இருபது பேரில், வீட்டில் தெலுங்கு பேசுபவர் இருப்பார், கன்னடம் பேசுபவர் இருப்பார். அரூர்ப் பக்கமென்றால் சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை இருப்பார். அப்பாவும் அம்மாவும் பெங்களூரிலோ திருப்பூரிலோ வேலையில் இருக்க, பாட்டியிடம் வளரும் பிள்ளைகளும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கும்படி பேசுவது எளிய காரியமல்ல. நீளமான விளக்கம் இங்கே எடுபடாது.

ஹேண்ட் ஸ்டாண்டை எடுத்துக்கொள்வோம். குழந்தை இரண்டு கையையும் ஊன்றி, காலை உதறி மேலே போகிறாள். மேலே நிற்பது இரண்டு நொடி இருந்தாலே பெரிது. அந்த இரண்டு நொடிக்குள் மைதானத்தில் கேட்பது என்ன? “வயித்த இறுக்கு, முட்டிய மடக்காத, பாதத்த நீட்டு, தலைய உள்ள வை, தோளப் பாரு எங்க போகுதுன்னு!” ஐந்து கட்டளைகள். பெரியவர்களே ஒரே நேரத்தில் நான்கு விஷயங்களைத்தான் மனதில் பிடித்து வைக்க முடியும் என்று நினைவாற்றல் ஆய்வுகள் காட்டுகின்றன. ஏழு வயதுக்கு அதிலும் குறைவு. தலைகீழாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தைக்கு அந்த ஐந்தில் ஒன்றுகூட உள்ளே போகாது. மாஸ்டர் கத்துகிறார் என்பது மட்டும் போகும்.

அதே குழந்தையிடம் “தரையத் தள்ளு” என்று சொல்லிப் பாருங்கள். தரையைத் தள்ள முயலும்போது முழங்கை தானாக நீள்கிறது. தோள்பட்டை உயர்ந்து காதோடு சேர்கிறது. தோள் திறந்ததும் முதுகின் வளைவு குறைகிறது. ஐந்து கட்டளைகளில் சிலவற்றின் வேலை இரண்டே சொற்களில் முடிந்தது. அது நிலைத்த பிறகு, இன்னொரு நாள், “கால் கட்டைவிரலால வானத்தத் தொடு” என்றால் முட்டியும் பாதமும் நேராகும். ஒரு நாளைக்கு ஒரு சொல் போதும். காலைத் தூக்குவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். காற்றில் இருக்கும்போது பேசக்கூடாது.

இது வெறும் கைப்பக்குவம் என்று தோன்றலாம். பின்னால் கால் நூற்றாண்டு ஆராய்ச்சி இருக்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த காப்ரியேலே வுல்ஃப் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவி ஒன்றின் மேல் ஆட்களை நிற்க வைத்தார். ஒரு குழுவிடம் ‘உங்கள் பாதத்தால் அழுத்துங்கள்’ என்றார். இன்னொரு குழுவிடம் ‘பாதத்துக்குக் கீழே இருக்கும் சக்கரத்தை அழுத்துங்கள்’ என்றார். இரண்டும் ஒரே வேலைதான். ஆனால் சக்கரத்தை நினைத்தவர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். தன் உறுப்பை நினைக்கும்போது, தானாக ஓட வேண்டிய இயக்கத்தில் மனம் தலையிட்டுக் கெடுக்கிறது. வெளியே ஒரு குறியை நினைக்கும்போது உடல் தன் வழியை அமைத்துக்கொள்கிறது என்பது அவர் தரும் விளக்கம். 2015-இல் ரெஸா அப்துல்லாஹிபூர், வுல்ஃப் உள்ளிட்டோர் இதைப் பன்னிரண்டு வயது ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளிடமே பார்த்தார்கள். உயரே எகிறி அரைச்சுற்றுச் சுற்றி இறங்க வேண்டும். ‘கை எந்தப் பக்கம் காட்டுகிறது என்று கவனி’ என்பது ஒரு கட்டளை. ‘மார்பில் ஒட்டிய டேப் எந்தப் பக்கம் காட்டுகிறது என்று கவனி’ என்பது இன்னொன்று. டேப்பைக் கவனித்தபோது வடிவமும் சுத்தமாக வந்தது, எகிறிய உயரமும் கூடியது. இத்தகைய விளைவுகளின் அளவு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் நடக்கிறது. நடக்கட்டும். ஒட்டுவதற்கு ஒரு துண்டு டேப் செலவுதான். ஏதாவது ஒரு மைதானத்தில் நாளைக்கே செய்து பார்க்கலாம்.

குறைவாகப் பேசு என்றதும், ‘அப்படியானால் பிள்ளையை அதன் போக்கில் விட்டுவிடலாமா’ என்று கேட்பவர்கள் உண்டு. விடக்கூடாது. பெரியவர்களுக்கு ஒவ்வொரு முறையும் திருத்தம் சொல்லாமல் அவ்வப்போது சொன்னால் கற்றது நன்றாக நிலைக்கிறது. 2008-இல் கேத்தரின் சல்லிவனும் உடன் ஆய்வாளர்களும் எட்டிலிருந்து பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளிடம் இதையே சோதித்தபோது விளைவு தலைகீழாக வந்தது. ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் ‘இப்படி வந்தது’ என்று கேட்ட குழந்தைகளே நன்றாகக் கற்றார்கள். ஆகவே குழந்தைகளுக்குத் திருத்தம் அடிக்கடி வேண்டும், ஒவ்வொன்றும் சின்னதாக வேண்டும். முட்டி போட்டு உட்கார்ந்து, கண்ணுக்கு நேராகப் பார்த்து, ஒரு வாக்கியம். வீட்டு மொழி வேறாக இருக்கும் பிள்ளைக்கு அதையும் செய்து காட்டிவிடலாம். அதற்கும் முன்னால் “உனக்கு எப்படி இருந்துச்சு?” என்று ஒரு கேள்வி கேட்டால் இன்னும் நல்லது. தன் உடல் என்ன செய்தது என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் அப்போதுதான் வரும். மாஸ்டர் பக்கத்தில் இல்லாத போட்டி மேடையில் அவளுக்கு உதவப்போவது அந்தப் பழக்கம்தான்.

திட்டுவதைப் பற்றி நம் ஊரில் ஒரு நம்பிக்கை வேரோடியிருக்கிறது. அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று பழமொழியே வைத்திருக்கிறோம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ஸ்மித்தும் ஃப்ராங்க் ஸ்மோலும் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களை உட்கார வைத்து, சுமார் இரண்டரை மணி நேரப் பட்டறை நடத்தினார்கள். முயற்சியைக் கண்டால் சொல்லுங்கள். தவறு நடந்தால் முதலில் தைரியம், அடுத்து எப்படிச் சரிசெய்வது என்ற குறிப்பு. கேலியும் தண்டனையும் வேண்டாம். இவ்வளவுதான் பாடம். 1992-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், பட்டறைக்கு வராத பயிற்சியாளர்களிடம் விளையாடிய சிறுவர்களில் 26 சதவீதம் பேர் அடுத்த பருவத்தில் விளையாட்டையே விட்டிருந்தார்கள். பட்டறைக்கு வந்தவர்களிடம் விளையாடியவர்களில் 5 சதவீதம் பேர்தான் விட்டிருந்தார்கள். வெற்றி தோல்விக் கணக்கில் இரு தரப்புக்கும் வேறுபாடில்லை. திட்டினால்தான் ஜெயிக்க முடியும் என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப் போகிறது. எட்டாம் வகுப்போடு பெண்பிள்ளையை மைதானத்திலிருந்து நிறுத்திவிடக் காரணம் தேடும் குடும்பங்கள் உள்ள ஊரில், அவளே ‘எனக்கு வேணாம்’ என்று சொல்ல வைக்கும் ஒரு வசை எவ்வளவு விலை பிடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவில், பள்ளிக் குழந்தையை அடிப்பதோடு மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது.

புகழ்ச்சியிலும் கவனம் வேண்டும். கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998-இல் செய்த ஆய்வில், புதிர்களை முடித்த குழந்தைகளில் சிலரிடம் ‘நீ கெட்டிக்காரி’ என்றும், சிலரிடம் ‘நன்றாக உழைத்தாய்’ என்றும் சொன்னார்கள். பிறகு கடினமான புதிர் தந்து தோற்க வைத்தார்கள். கெட்டிக்காரப் பட்டம் வாங்கியவர்கள் சீக்கிரம் சோர்ந்தார்கள். அதைவிட என்னை உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. தங்கள் மதிப்பெண்ணை இன்னொரு குழந்தைக்கு எழுதச் சொன்னபோது, அவர்களில் ஐந்தில் இருவர் கூட்டி எழுதினார்கள். ‘பொறவிலேயே ஜிம்னாஸ்ட் இவ’ என்று பெயர் வாங்கிய பிள்ளை அந்தப் பெயரைக் காப்பாற்ற எதையாவது மறைக்கத் தொடங்கும். ஜிம்னாஸ்டிக்ஸில் மறைக்கப்படுவது மதிப்பெண்ணாக இருக்காது, வலியாக இருக்கும். “இன்னிக்கு மூணு தடவையும் கை நேரா இருந்துச்சு” என்று நடந்ததைச் சொல்லிப் பாராட்டினால், பிள்ளை காப்பாற்ற வேண்டிய பட்டம் எதுவும் இல்லை.

வலியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். குழந்தையின் நீண்ட எலும்புகளின் முனையருகே வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். நடக்கும்போது மணிக்கட்டுக்கு எடை தாங்கும் வேலை இல்லை. ஜிம்னாஸ்டிக்ஸில் அதையே பாதம் போலப் பயன்படுத்துகிறோம். நாள்தோறும் குட்டிக்கரணமும் கார்ட் வீலுமாக மோதும்போது, முன்கையின் ஆரை எலும்பில் மணிக்கட்டை ஒட்டியுள்ள வளர்ச்சித் தட்டு நொந்துபோகும். மருத்துவர்கள் இதை ‘ஜிம்னாஸ்ட் மணிக்கட்டு’ என்றே அழைக்கிறார்கள். ஆரம்பத்தில் கண்டுகொண்டு ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். கவனிக்காமல் விட்டால் அந்த எலும்பின் வளர்ச்சியே பாதிக்கப்படலாம். வீக்கம் தெரியாமலும் இருக்கும் என்பதால், ஆரம்ப அடையாளம் பெரும்பாலும் ஒன்றுதான்: குழந்தை ‘வலிக்குது சார்’ என்று சொல்வது. ‘இதெல்லாம் ஒரு வலியா? நடிக்காத!’ என்று ஒரே ஒரு முறை சொன்னால் போதும், அடுத்த முறை அந்த அடையாளம் வராது.

பிள்ளை சொல்லும் வலியை நம்புவதற்குத் தருமபுரியில் இன்னொரு காரணமும் சேர்கிறது. இந்த மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. ஃபுளோரைடு மிகுந்த நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் பல்லும் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். இங்கே ஒரு பிள்ளை மூட்டு வலி என்றால் சோம்பேறித்தனம் என்று கணக்குப் போடுவதற்கு முன், எந்த ஊர், எந்தத் தண்ணீர் என்று கேட்டு, அரசு மருத்துவமனைக்கு அனுப்புவது முறை.

வலியோடு ஆட வைப்பது உலக மேடையிலும் நடந்திருக்கிறது. 1996 ஜூலையில் அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் அமெரிக்க வீராங்கனை கெர்ரி ஸ்ட்ரக்குக்கு முதல் வால்ட் பாய்ச்சலில் இறங்கும்போது கணுக்கால் பிசகியது. பயிற்சியாளர் பேலா கரோலி உன்னால் முடியும் என்று உரக்கக் குரல் கொடுத்தார். நொண்டியபடி ஓடி, இரண்டாம் முறையும் பாய்ந்து, ஒற்றைக் காலில் நின்று மண்டியிட்டார் அந்தப் பதினெட்டு வயதுப் பெண். அமெரிக்கா தங்கம் வென்றது. உலகமே கொண்டாடியது. அவருடைய இரண்டாவது வால்ட் இல்லாமலே அந்தத் தங்கம் கிடைத்திருக்கும் என்பது பிறகு கணக்குப் பார்த்தபோது தெரிந்தது. அடுத்த தனிநபர் போட்டிகளில் ஸ்ட்ரக்கால் இறங்க முடியவில்லை. சரியாக இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்ஸில், அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் இரண்டரைத் திருகு போட வேண்டிய வால்ட்டில் ஒன்றரையோடு இறங்கினார். காற்றில் தன் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வு அறுந்துவிட்டது. விலகுகிறேன் என்றார். அவருடைய பயிற்சியாளர்கள் அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டார்கள். அதே டோக்கியோவில் பீமில் வெண்கலமும், 2024 பாரிஸில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வாங்கினார். நிறுத்தச் சொல்லும் குழந்தையை நம்பினால் அவள் விளையாட்டை இழந்துவிடுவாள் என்பது பொய். “பயமா இருக்கு” என்று ஒரு பிள்ளை சொன்னால், “எந்த எடத்துல பயம்? எகிறும்போதா, எறங்கும்போதா?” என்று கேளுங்கள். பதில் வந்தால் எங்கே மெத்தை கூட்ட வேண்டும், எங்கே கை கொடுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கை கொடுப்பதிலும் பேச்சு இருக்கிறது. இந்த விளையாட்டில் தொடாமல் பழக்க முடியாது. இடுப்பையும் முதுகையும் பிடித்துத்தான் திருப்ப வேண்டும். “இடுப்பப் புடிக்கிறேன், சரியா கண்ணு?” என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத் தொடுவதும், வேண்டாம் என்றால் விடுவதும் பழக்கமாக வேண்டும். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்து பாலியல் அத்துமீறல் செய்த லாரி நாசருக்கு எதிராக 2018 ஜனவரியில் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் பேசினார்கள். பிரிட்டன் ஜிம்னாஸ்டிக்ஸை விசாரித்து 2022-இல் வெளியான வைட் அறிக்கைக்கு 400-க்கும் மேற்பட்டோர் தங்கள் அனுபவங்களை எழுதி அனுப்பினார்கள். எடையைச் சொல்லி அவமானப்படுத்தியது, காயத்தோடு ஆட வைத்தது, கத்தியே பணிய வைத்தது எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. எதிர்த்துப் பேசக் கூடாது என்று பழக்கப்பட்ட பிள்ளைகளால் தப்பான கை எது என்று சொல்ல முடியாமல் போகிறது.

உடலைப் பற்றிய சொல் ஒன்றுகூட வேண்டாம் என்பேன். ‘குண்டு’, ‘ஒல்லிக்குச்சி’, ‘கருப்பி’ எதுவும் செல்லத்துக்குக்கூட வேண்டாம். யோகா மேடையிலும் ஃப்ளோர் பயிற்சியிலும் ‘சிரிச்ச முகமா பண்ணு’ என்பது வழக்கமான அறிவுரை. ஃபுளோரைடால் பல்லில் பழுப்புக் கறை விழுந்த பிள்ளைகள் இங்கே நிறைய. அவர்கள் உதட்டை மூடிக்கொண்டே சிரிப்பார்கள். அதைப் பார்த்து ஒரு கேலி வந்துவிட்டால், அந்தப் பிள்ளையின் கவனம் மேடை முழுக்கத் தன் வாயிலேயே இருக்கும். ‘கண்ணு பிரகாசமா இருக்கட்டும்’ என்றால் போதும்.

நம் நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. திரிபுராவின் அகர்தலாவில் ஆறு வயதில் பயிற்சிக்கு வந்த தீபா கர்மாகருக்குத் தட்டைப் பாதம். ஜிம்னாஸ்டிக்ஸுக்கு அது பெரிய குறை. பயிற்சியாளர் பிஸ்வேஷ்வர் நந்தி அவரைத் திருப்பி அனுப்பவில்லை. பாதத்துக்கு வளைவு வர வைக்கும் பயிற்சிகளை ஆண்டுக்கணக்கில் கொடுத்தார். 2016 ரியோ ஒலிம்பிக்ஸ் வால்ட் இறுதிப் போட்டிக்கு முன், தீபாவின் போனிலிருந்து சிம் கார்டை எடுத்துவிட்டு, பெற்றோரைத் தவிர யாரும் அவரிடம் பேசாதபடி நந்தி பார்த்துக்கொண்டார் என்று அப்போது செய்திகள் வந்தன. நாடே வாழ்த்துச் சொல்லக் காத்திருந்த வேளையில், அந்தப் பெண்ணின் கவனத்தைக் காப்பது தன் வேலை என்று அவர் எடுத்துக்கொண்டார். தீபா 15.066 புள்ளிகளோடு நான்காம் இடம் பெற்றார். வெண்கலம் தவறியது 0.150 புள்ளியில்.

தருமபுரியில் பிள்ளையைச் சிலம்பத்துக்கோ யோகாவுக்கோ சேர்க்கப் போகும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கட்டணம் கேட்பதற்கு முன் ஒரு மாலை மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, மாஸ்டர் பேசுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். தவறு செய்த பிள்ளையிடம் அவர் முதலில் சொல்லும் வார்த்தை எது என்று கவனியுங்கள். ஏதாவது தப்பாகப் பட்டால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098 எந்நேரமும் இயங்குகிறது. அந்த எண்ணைப் பிள்ளைக்கும் மனப்பாடம் செய்து கொடுங்கள். உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் விதிமுறைக் கூட்டங்கள் நடக்கின்றன. அவற்றில் குழந்தைகளிடம் பேசும் முறைக்கு ஓர் அரை நாள் ஒதுக்கும்படி மாவட்டக் கல்வி அலுவலகத்திடமும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடமும் கேட்போம். ஸ்மித்துக்கும் ஸ்மோலுக்கும் தேவைப்பட்டது இரண்டரை மணி நேரம்தான்.